ஏழு கிணறும் ஒரு வெப்பமானியும்

2007இல் இலங்கைப் பாடசாலைகளின் 6ஆம், 10ஆம் தரங்களுக்குத் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. பிள்ளை முதலில் தேடிப் பார்க்கட்டும், விளக்கம் பிறகு என்பது அதன் வழி. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அதற்கேற்ற இடம் பக்கத்திலேயே இருக்கிறது: கன்னியா. அடுத்தடுத்து ஏழு சுடுநீர்க் கிணறு. ஒவ்வொன்றின் சூடும் சற்றே வேறு. வெப்பமானியால் அளந்து எழுதச் சொல்லுங்கள். எரிமலை இல்லாத நாட்டில் சுடுநீர் எப்படி வந்தது என்று அவர்களே கேட்பார்கள். மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கி, நிலத்தடிச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது என்ற விடையை அதற்குப் பிறகு சொன்னால் போதும். புவியியலும் விஞ்ஞானமும் அங்கே ஒரே பாடம். நேரசூசி போடுகிறவருக்குத்தான் கொஞ்சம் தலையிடி! ஆசிரியர்களே, அடுத்த தவணைத் திட்டத்தில் கன்னியாவுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள்.