வாரத்தில் இரண்டு மணி நேரம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டு வந்துள்ளது. அதன் பயனாக நம் தெருக்களில் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர் பலர் உளர். ஆயின் அவர்களுள் எத்தனை பேர் தம் கல்விக்கேற்ற வேலையில் அமர்ந்துள்ளனர்? இவ்வினாவை உங்கள் முன் வைக்குமுன், என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செங்கற்சூளையருகே என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். வகுப்பில் முதல்வனாக இருந்தவன். தலையிலிருந்த கல்லை இறக்கி வைத்துவிட்டு, "வணக்கம் ஐயா" என்றான். ஒரு வேலைக்கான எழுத்துத் தேர்வில் அவன் தேறியிருந்தான். சான்றிதழ் சரிபார்ப்பின்போது பள்ளிச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், சாதிச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தனவாம். உரிய காலத்தில் அதைத் திருத்தும் வழி அறியாமல் வாய்ப்பை இழந்தான். அந்தப் பள்ளிச் சான்றிதழில் இருந்தது என் கையொப்பம். தேர்ச்சி விழுக்காட்டைக் கண்டு மகிழ்ந்த நான், அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கவில்லை.

தோழர்களே, அவனுக்கு அறிவு குறைவன்று, உழைப்பும் குறைவன்று. பரம்பரையாக அலுவலில் இருக்கும் குடும்பங்களில் மாமனோ சித்தப்பாவோ சொல்லித் தரும் செய்தியை, முதல் தலைமுறையாகப் படித்த அவனுக்குச் சொல்ல எவரும் இல்லை. அந்த உறவினராக நாம் ஆதல் வேண்டும். நான் வேண்டும் தொண்டு இதுவே.

இது புதிய நெறியன்று. சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அண்ணல் அம்பேத்கர் 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. தாம் கற்றதோடு நில்லாமல், பின்வருவோர்க்கு வழி திறந்தமையே அவர்தம் பெருமை.

நாம் செய்யத்தக்கவை எளியவை. முதலாவது, பத்தாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகியவற்றை எல்லாச் சான்றிதழ்களிலும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துதல். இரண்டாவது, விண்ணப்பம் நிரப்பக் கற்பித்தல். அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் ஆதிதிராவிடர்க்குத் தேர்வுக் கட்டண விலக்கு உண்டு என்பதையே அறியாதார் உளர். மூன்றாவது, பாடப் பயிற்சி. தொகுதி நான்கு தேர்வில் 200 வினாக்கள். அவற்றுள் 100 தமிழ் வினாக்கள். தமிழ்ப் பகுதியில் நாற்பது விழுக்காடு பெறாதவரின் மறுபகுதி திருத்தப்படுவதே இல்லை. நம் தாய்மொழியில் தோற்கலாமா? நான்காவது, பேசப் பழக்குதல். "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று வினவும்போது நம் பிள்ளையின் குரல் தாழ்ந்துவிடுகிறது. நாளிதழை நின்று உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பத்துப் பேர் முன்னிலையில் தன்னைப் பற்றிப் பேசச் செய்யுங்கள். குரல் நிமிர்ந்தால் தலையும் நிமிரும்.

எல்லாரும் அரசு அலுவலுக்கே செல்ல வேண்டுமென்பதில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியோ பொருத்துநர் தொழிலோ கற்றவர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களும் ஆசிரியர்களே. தம் தொழிலின் நெளிவு சுளிவுகளை அவர்களைவிட யார் சொல்லித்தர இயலும்?

வேலை பெற்றோரே, உங்களிடம் ஒரு சொல். வேலை கிடைத்ததும் நகரத்தில் வீடு பார்த்துக் குடியேறினோம். நானும் அவ்வாறே செய்தேன். திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் மட்டுமே ஊருக்கு வருகிறோம். நன்கொடை அனுப்பினால் கடன் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். பணம் வேண்டியதே; ஆனால் பிள்ளையின் அருகே அமர்ந்து விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கப் பணத்தால் இயலாது. வாரத்தில் இரண்டு மணி நேரம் தாருங்கள். அதை உதவியென்று எண்ணாதீர்கள். பிள்ளைகளை ஏளனமாகவும் பேசாதீர்கள். நமக்கு முன்னோர் அளித்ததைத் திருப்பிச் செலுத்துகிறோம், அவ்வளவே.

இளைஞர்களே, ஒரு முறை தோற்றதும் ஒதுங்கிவிடாதீர்கள். தேர்வில் தோற்றவனும் தன் தம்பிக்கு வழி சொல்லத் தகுந்தவனே. எங்கே தவறினோம் என்பது அவனுக்குத் தெரியும்.

சங்க அலுவலகத்தில் இன்று ஒரு பதிவேட்டை வைக்கச் செய்துள்ளேன். தொண்டு செய்ய முன்வருவோர் அதில் பெயர் எழுத வேண்டுகிறேன். முதற்பெயர் என்னுடையது. செங்கற்சூளையில் கண்ட அந்த மாணவனும் வருவதாக வாக்களித்திருக்கிறான். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பொறுப்பை அவனே கேட்டுப் பெற்றுக்கொண்டான்.