எழுத்தாணி திரும்பி வந்தது

(நம் காலனித் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் நிற்பவர் ஒருவரே ஆயினும், பேசுவது ஓர் இல்லம். கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்து இழந்த ஒன்றைப் பற்றியும், சேர்ந்து கற்ற ஒன்றைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறோம். ஆகவே, "நாங்கள்" என்று பேசுவதைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலில் இழந்ததைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தந்தையார் 1958-இல் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வேலை ஏற்று வந்தார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் அவருடன் வந்தவை இரண்டு தகரப் பெட்டிகள். ஒன்றில் துணிமணிகள், மற்றொன்றில் நூல்கள். அவர் நூலைப் படிக்கும்போது கையில் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலமுமான பென்சில் இருக்கும். ஐயம் எழுந்த இடத்தில் சிவப்புக் கோடு; உவந்த இடத்தில் நீலக் கோடு. ஏட்டின் ஓரங்களிலோ நுண்ணிய எழுத்தில் குறிப்புகள். அருஞ்சொற்பொருள் இருக்கும், வேறொரு நூலின் பக்க எண் இருக்கும், சில வேளை வீட்டுச் செய்தியும் இருக்கும். ஒரு நூலின் கடைசிப் பக்கத்தில் எங்கள் தமக்கையார் பிறந்த நாளும் நாழிகையும் குறிக்கப்பெற்றிருந்தன.

2009-இல் பணி ஓய்வு பெற்று, ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பை விட்டு யமுனைக்கு அக்கரையிலுள்ள இச்சிறு அடுக்குமாடி வீட்டிற்கு வந்தபோது, அந்நூல்களுக்கு இடமில்லை என்று கண்டோம். பாதி நூல்களைக் கரையான் அரித்திருந்தது. எஞ்சியவற்றையும் சேர்த்துக் கபாடிக்காரரிடம் நிறைக்குப் போட்டோம். தராசில் ஏறியது காகிதம் என்றே அன்று எண்ணினோம். ஏறியது தந்தையாரின் கையெழுத்து என்பதைச் சில நாள் கழித்தே உணர்ந்தோம். அதே நூல்களின் புதுப் பதிப்புகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. அந்த ஓரக் குறிப்புகள் எக்கடையிலும் கிடைக்கமாட்டா.

அன்பர்களே, இக்குறையைச் சுமந்திருந்த எங்களுக்கு, 2023-ஆம் ஆண்டில் எங்கள் மகன் ஒரு கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான். பார்ப்பதற்கு ஒரு பெரிய சிலேட்டுப் பலகை போன்றது. அதனுடன் ஓர் எழுதுகோல். "அப்பா, இதிலே படிக்கலாம், படித்துக்கொண்டே ஓரத்தில் எழுதவும் செய்யலாம்" என்றான். எங்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. கைப்பேசியின் ஒளிவெள்ளத்தில் அரைநாழிகை படித்தால் கண்ணில் நீர் வடியும் வயது எங்களுடையது. இதுவும் அதன் உடன்பிறப்புத்தானே என்று எண்ணி, ஒரு மாதம் உறை பிரிக்காமலே வைத்திருந்தோம்.

அவ்வெண்ணம் தவறு என்பதைக் கருவியின் அமைப்பை அறிந்த பின்னரே தெளிந்தோம். கைப்பேசித் திரை தானே ஒளியை உமிழ்வது. இதன் திரையோ தன்மேல் விழும் ஒளியைத் தாளைப் போலத் திருப்பி அனுப்புவது. திரைக்குள்ளே, மயிரிழை அளவே குறுக்களவுள்ள நுண்குமிழ்கள் எண்ணற்றவை பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த நீர்மமும், அதில் மிதக்கும் வெண்துகள்களும் கருந்துகள்களும் உண்டு. வெண்மைக்கு ஒருவகை மின்னேற்றம். கருமைக்கு அதற்கு எதிரான மின்னேற்றம். மின்புலத்தை ஒருபுறம் திருப்பினால் கருந்துகள்கள் மேலே வந்து எழுத்தாகின்றன. மறுபுறம் திருப்பினால் வெண்துகள்கள் மேலே வந்து தாளாகின்றன. வந்த துகள்கள் வந்த இடத்திலேயே நிற்கும். பக்கம் மாறும்போது மட்டுமே எழுத்துக்கு மின்சாரம் செலவாகும். ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்க முடிவது இதனாலேயே. இரவில் படிப்பதற்குப் பல கருவிகளில் திரையின் விளிம்பில் சிறு விளக்குகள் உண்டு. அவை திரையின்மேல் ஒளியைப் பரப்புகின்றன.

இந்த மின்மை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்து ஆய்வகத்தில் கருவாகி, 1997-இல் தனி நிறுவனமாக உருப்பெற்றது. இதைக் கொண்டு 2004-இல் ஜப்பானில் சோனி நிறுவனம் ஒரு படிப்புக் கருவியை வெளியிட்டது. 2007-இல் கிண்டில் வந்தது. அவை யாவும் படிப்பதற்கு உரியவை. எழுதுகோலால் எழுதத்தக்க ரீமார்க்கபிள் என்னும் கருவி 2017-இல் நார்வே நாட்டிலிருந்தும், கிண்டில் ஸ்கிரைப் என்னும் கருவி 2022-இலும் வெளிவந்தன.

எழுதுகோலைப் பற்றி ஒரு வியப்பு. எங்களிடமுள்ள கோலில் மையும் இல்லை, மின்கலமும் இல்லை. திரைக்கு அடியிலுள்ள ஒரு தகடு மின்காந்தப் புலத்தை எழுப்புகிறது. கோலுக்குள்ளிருக்கும் கம்பிச் சுருள் அப்புலத்திலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன் இருப்பிடத்தையும் கை அழுத்தும் அளவையும் திருப்பிச் சொல்கிறது. மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடு. ஊன்றினால் தடித்த கோடு. சற்றுச் சொரசொரப்பான திரையில் கோல் உராயும் ஓசை, பள்ளிப் பருவத்துப் பென்சில் ஓசையை நினைவூட்டுகிறது. நாளடைவில் நுனி தேயும். புது நுனி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மையில்லாமல் எழுதும் கோல் தமிழனுக்குப் புதிதா, அன்பர்களே? நம் முன்னோர் பனையோலையில் இரும்பெழுத்தாணியால் கீறினர். பின்னர்க் கரி பூசித் துடைத்து எழுத்தை விளங்கச் செய்தனர். ஓலை கிழியுமென்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். புள்ளியில்லாச் சுவடிகளைப் படித்துப் பொருள் காண்பது எத்துணை அரிது என்பதைச் சுவடி ஆய்ந்தோர் அறிவர். உ.வே.சாமிநாத ஐயர் அவர்கள் அத்தகைய சுவடிகளை ஊர் ஊராகத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அத்தகைய பதிப்பு, பொறுமையோடு எடுத்த குறிப்புகளின்மேல் எழுந்த கட்டடம் என்றால் மிகையாகாது.

இக்கருவியில் நாங்கள் முதலில் படிக்கத் தொடங்கியது ஐயரவர்களின் "என் சரித்திரம்". அவர் 1942-இல் மறைந்தார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் நூல் பொதுவுடைமையாகும். அத்தகைய பழைய நூல்களை 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் விலையின்றி வழங்குகின்றன. தில்லியின் கொடுங்கோடையில், நூலகம் தேடிப் பேருந்து ஏறாமல் வீட்டிலிருந்தே அவற்றை எடுத்துப் படிக்கிறோம்.

இங்கே பட்டறிவால் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். மின்னூல் இருவகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே இடம் பெயர்ந்து அமைவது ஒருவகை. முதியோர் கண்ணுக்கு அது வரப்பிரசாதம். ஆயினும் வரிகள் பெயர்வதால் ஓரத்தில் எழுதிய குறிப்பு அதே இடத்தில் நிற்பது கடினம். அச்சுப் பக்கத்தைப் படம்பிடித்ததுபோல நிலையாய் நிற்பது மற்றொரு வகை. அதில் எழுத்தைப் பெரிதாக்குவது எளிதன்று. ஆனால் தாளில் எழுதுவதுபோலவே ஓரத்தில் எழுதலாம். ஆகவே வாங்க எண்ணுவோர் பத்து அங்குல அளவுள்ள திரையையே நாடுக. சிறு திரையில் பழைய தமிழ்நூலின் படப்பக்கம் எறும்பு வரிசையாய்த் தோன்றும்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பேத்தி வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பில் படிப்பவள். அவள் பள்ளியில் தமிழ் இல்லை. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் எழுத்துக் கற்றவள். நாங்கள் உறங்கிய நண்பகலில் கருவியை எடுத்து, நாங்கள் நிறுத்தியிருந்த பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். மாலையில் திறந்து பார்த்தால், எங்கள் குறிப்புக்குக் கீழே கோணல் எழுத்தில் ஒரு வரி: "தாத்தா, தின்னை எண்றால் என்ன?" ணகரமும் னகரமும் ஒன்றன் வீட்டில் மற்றொன்று குடியேறியிருந்தன. ஆறாம் மாடியில் பிறந்து வளர்ந்த குழந்தை திண்ணையை எங்கே கண்டிருக்கும்?

அதற்கு விடை எழுதியது பாட்டி. எழுத்தால் அன்று, படத்தால். கும்பகோணத்து வீட்டின் வாசலையும், இருபுறத் திண்ணையையும், தூணில் சாய்ந்து நூல் படிக்கும் ஒரு பெரியவரையும் அதே ஓரத்தில் வரைந்தாள். "இவர் யார்?" என்று குழந்தை கேட்டாள். "உன் கொள்ளுத்தாத்தா" என்றோம். அன்றிரவு நெடுநேரம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கபாடித் தராசில் போட்ட கையெழுத்து திரும்ப வரவில்லை. ஆனால் அக்கையெழுத்து எதற்காக இருந்ததோ, அந்தப் பயன் எங்கள் இல்லத்திற்குத் திரும்பி வந்தது.

இது கொண்டு கருவியைப் புகழ்ந்து கைதட்டல் பெறுவது எங்கள் நோக்கமன்று. குறைகளையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். விலை குறைவன்று. திரையில் முந்திய பக்கத்தின் நிழல் சில நேரம் மங்கலாய்த் தங்கும். எங்கள் கருவி தமிழ்க் கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றித் தருவதில்லை. ஆகவே, எழுதிய குறிப்பைச் சொல் கொடுத்துத் தேடமுடிவதில்லை. இவை சிறு குறைகள்.

பெருங்குறை வேறொன்று. விலை கொடுத்து வாங்கும் மின்னூலில் நாம் பெறுவது பெரும்பாலும் படிக்கும் உரிமையே. பெட்டியில் வைத்துப் பேரனுக்கு விட்டுச்செல்லும் உடைமை அன்று. 2009-இல், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984" என்னும் நூலின் ஒரு மின்பதிப்பை, பதிப்புரிமைச் சிக்கல் காரணமாக, விற்ற நிறுவனமே வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து நீக்கிவிட்டது. நூலோடு சேர்த்துத் தாம் எடுத்த குறிப்புகளும் பயனற்றுப் போயின என்று ஒரு மாணவர் வழக்கும் தொடுத்தார். கரையான் அரிக்காத ஏட்டிற்கும் வேறு பகை உண்டு என்பதற்கு இது சான்று.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? விடையை ஓலைச்சுவடியே சொல்கிறது. ஓலை சில நூறு ஆண்டுகளில் உளுத்துவிடும். சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தது ஓலையின் வலிமையால் அன்று. பழைய ஓலை உளுக்குமுன் யாரோ ஒருவர் அமர்ந்து புது ஓலையில் படியெடுத்தார். அவருக்குப்பின் வேறொருவர் படியெடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம். ஒருவர் சோம்பியிருந்தால் ஒரு நூல் மாண்டிருக்கும். நம்மை வந்தடைந்த நூல்கள் யாவும் படியெடுத்தவர்களின் கொடையே.

ஆகவே, எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். நூல் ஒன்றுக்குக் குறிப்பேடு ஒன்று. ஒவ்வொரு குறிப்பிலும் நாளும் பக்க எண்ணும் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லாவற்றையும் கருவியிலிருந்து வெளியே எடுத்துக் கணினியில் ஒரு படி, மகனிடம் ஒரு படி வைக்கிறோம். ஆண்டிறுதியில், போற்றத்தக்க பக்கங்களைத் தாளில் அச்சிட்டுத் தைத்து வைக்கிறோம். கருவி பழுதாகலாம், நிறுவனம் மறையலாம், குறிப்பு மறையலாகாது.

இறுதியாக, இச்சபையின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, சங்கப் படிப்பறைக்கு இத்தகைய கருவி ஒன்றை வாங்க வேண்டும். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஒரு முதியவரும் ஒரு சிறுவரும் அதன்முன் சேர்ந்து அமர்ந்து ஒரு பக்கம் படிக்கட்டும். சிறுவர் ஓரத்தில் வினாவை எழுதட்டும். முதியவர் விடை எழுதட்டும்.

இரண்டாவது வேண்டுகோளுக்குக் காசு தேவையில்லை. இக்காலனியில் ஒவ்வோர் ஆண்டும் சிலர் ஓய்வு பெற்றும், மாற்றலாகியும் வீடு காலி செய்கின்றீர்கள். நூல்களை விற்க நேர்ந்தால் விற்றுவிடுங்கள். உங்கள் இடநெருக்கடி எங்களுக்குத் தெரியும். ஆனால் கபாடிக்காரரை அழைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு நூலையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தந்தையின் கோடோ, தாயின் கணக்கோ, தமக்கையின் பிறந்த நாளோ ஓரத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தைக் கைப்பேசியால் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நூல் போகட்டும். நாங்கள் 2009-இல் செய்யத் தவறியது இவ்வளவே. அதை நீங்கள் செய்தால், எங்கள் தந்தையாரின் தகரப்பெட்டி முற்றிலும் வீணாகவில்லை என்று மனம் ஆறுவோம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!