தக்காளி ஏற்றிய விண்கலம்



1977இல் அமெரிக்காவில் 'டிராவலர்' என்ற விளையாட்டு வெளிவந்தது. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, சரக்கு விண்கலத்தில் கோள் கோளாகச் சென்று வாணிபம் செய்ய வேண்டும். வேளாண் கோள், தொழிற்கோள், செல்வக் கோள், ஏழைக் கோள் என்று வகைகள் உண்டு. ஒரு தாவலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம். கலம் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை. இரண்டு பகடைகளை உருட்டி, கோளின் வகைக்கேற்பக் கூட்டிக் கழித்தால் விலை வரும்.

நமக்குக் கோள்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. இராயக்கோட்டை வேளாண் கோள். ஓசூர் சிப்காட் தொழிற்கோள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு, செல்வக் கோள். வகுப்பை ஐந்து குழுவாக்கி, குழுவுக்குப் பத்து டன் கலம் ஒன்று கொடுங்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பும் நஷ்டமும் கணக்கில் வரட்டும். லாரி ஓட்டுநரின் பிள்ளை வகுப்பில் இருந்தால் அன்று அந்தப் பிள்ளைதான் ஆசிரியர்.

மூல விதியில் ஓர் ஓட்டை உண்டு. ஐந்து கலமும் தக்காளியே ஏற்றிச் சென்றாலும் விலை இறங்காது. பகடை சொன்னதே விலை. விலை வீழ்ந்து, பறித்த தக்காளியைச் சாலையோரம் கொட்டிய வீட்டுப் பிள்ளை இதை ஒப்புக்கொள்ளுமா? விதியை நீங்கள் திருத்தாதீர்கள், பிள்ளைகளிடமே விடுங்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு கலத்துக்கும் ஒன்று கழிக்கலாம் என்று ஒரு குழு சொல்லலாம். ஒரு வாரத்தில் தக்காளி அழுகிவிடாதா என்று இன்னொரு குழு கேட்கலாம். கிருஷ்ணகிரியில் மாம்பழத்தை ஏன் கூழாக்கி அனுப்புகிறார்கள் என்ற பேச்சு அங்கே தொடங்கும். அதற்கு ஒரு பாடவேளை போதாது, இரண்டு ஒதுக்குங்கள்.