உரிமை உண்டு, கைமாற்ற எளிதில் வழியில்லை

கார் வாங்கக் கடன் கொடுக்கும் அமெரிக்க நிதி நிறுவனங்கள், கொடுத்த பணம் தவணை தவணையாகத் திரும்பி வரும்வரை காத்திருப்பதில்லை. பல்லாயிரம் கடன்களை ஒரே கட்டாகச் சேர்த்து, இடையில் ஒரு துணை நிறுவனத்தின் வழியாக, ஒரு டிரஸ்ட்டுக்கு விற்றுவிடுகின்றன. 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய முறை இது. கடன்களை வாங்கும் அந்த டிரஸ்ட் இரண்டு வகைத் தாள்களை வெளியிடுகிறது. ஒன்று கடன் பத்திரம், மற்றொன்று உரிமைச் சான்றிதழ். கடன் பத்திரம் சந்தையில் நாள்தோறும் கைமாறுகிறது. யார் வாங்குகிறார் என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. உரிமைச் சான்றிதழின் கதை வேறு. வாங்குபவர் எந்த நாட்டவர், யாருடைய பணத்தில் வாங்குகிறார், எத்தனை பேருடன் அதைப் பகிர்ந்துகொள்ளப் போகிறார் என்பதையெல்லாம் எழுத்தில் உறுதி கொடுத்தால்தான் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்.

இந்தச் சான்றிதழ் எதற்கான உரிமை என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடன் வாங்கியவர்கள் மாதந்தோறும் கட்டும் தவணை டிரஸ்ட்டின் கணக்கில் வந்து சேரும். அதிலிருந்து தவணையை வசூலித்துத் தரும் நிறுவனத்தின் கட்டணம், டிரஸ்டிகளின் கட்டணம், கடன் பத்திரக்காரர்களின் வட்டி, பிறகு அவர்களுடைய அசல் என்று வரிசையாகப் பணம் போகும். எல்லாம் போக எஞ்சுவது உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு. பந்தியில் கடைசி இலை அவருடையது. கார்க் கடன்கள் ஒழுங்காகத் திரும்பினால் அந்த இலையில் நிறையவே விழும். பலர் தவணை கட்டாமல் போனால் முதலில் காலியாவதும் அதே இலைதான். ஆக, சான்றிதழ்காரர்தான் டிரஸ்ட்டின் பொருளாதார உரிமையாளர். கடன் பத்திரக்காரர்கள் அவருக்குக் கடன் கொடுத்தவர்களைப் போன்றவர்கள்.

இத்தகைய டிரஸ்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை டெலவேர் மாநிலச் சட்டத்தின் கீழ் அமைக்கப்படுகின்றன. 1988இல் வணிக டிரஸ்ட் சட்டம் என்ற பெயரில் இயற்றப்பட்டு, 2002இல் பெயர் மாற்றப்பட்ட சட்டம் அது. டிரஸ்டிகளில் ஒருவராவது டெலவேரில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சான்றிதழ் வைத்திருப்பவருக்கு டிரஸ்ட்டின் எந்தத் தனிச் சொத்தின் மீதும், அதாவது எந்தக் குறிப்பிட்ட கார்க் கடனின் மீதும், நேரடி உரிமை கிடையாது என்பதும் அதில் உண்டு. கைமாற்றத்தைப் பற்றி அந்தச் சட்டம் சொல்வது வியப்பூட்டும்: டிரஸ்ட்டின் உரிமைப் பங்கைத் தாராளமாகக் கைமாற்றலாம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய. டெலவேர் சட்டம் கதவைத் திறந்தே வைக்கிறது. அதை மூடுவது டிரஸ்ட் ஒப்பந்தம். மூடும்படி செய்பவை, டெலவேருக்கு வெளியே உள்ள கூட்டரசுச் சட்டங்கள்.

அவற்றில் முதன்மையானது வரிச் சட்டம். அதன் வேர் பழையது. லாஸ் ஏஞ்சலிஸில் கோல்ஃப் மைதானம் அமைத்து மனை விற்ற ஒரு டிரஸ்ட்டின் மீதான மோரிசி வழக்கில், 1935இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பெயர் டிரஸ்ட் என்றிருந்தாலும், தொழில் நடத்தி லாபம் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு கம்பெனியை ஒத்திருந்தால் கம்பெனியைப் போலவே வரி கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். எவை ஒத்திருக்கும் அடையாளங்கள்? 1960இல் வந்த வரி விதிகள் நான்கை வைத்து முடிவு செய்தன: உரிமையாளர் இறந்தாலும் விலகினாலும் அமைப்பு தொடர்வது, நிர்வாகம் ஓரிடத்தில் குவிந்திருப்பது, உரிமையாளரின் பொறுப்பு வரம்புக்கு உட்பட்டிருப்பது, உரிமையைத் தாராளமாகக் கைமாற்ற முடிவது. நான்கில் மூன்று இருந்தால் அது கம்பெனிதான். எனவே கைமாற்றத்தை இறுக்கிவிட்டால் ஓர் அடையாளம் குறையும் என்று வழக்கறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். இந்த அடையாளக் கணக்கை 1997 ஜனவரி முதல் வரித் துறை கைவிட்டது. அமைப்புகள் தங்கள் வரி வகையைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. ஆனால் கைமாற்றத் தடை மட்டும் ஒப்பந்தங்களிலிருந்து மறையவில்லை.

காரணம், 1987இல் வந்த வேறொரு பிரிவு. வருவாய்ச் சட்டத் தொகுப்பின் 7704ஆம் பிரிவு அது. சான்றிதழ் ஒரே ஒருவர் கையில் இருக்கும்வரை டிரஸ்ட்டை வரிச் சட்டம் தனி அமைப்பாகவே பார்ப்பதில்லை. வருமானம் அவருடையது, வரியும் அவருடையது. இரண்டாவது ஆள் வந்துவிட்டால் டிரஸ்ட் கூட்டாண்மையாகிறது. கூட்டாண்மையும் தானாக வரி கட்டுவதில்லை, பங்காளிகள் கட்டுவார்கள். ஆனால் அந்தக் கூட்டாண்மையின் பங்குகள் பங்குச் சந்தையிலோ, அதற்கு ஈடான ஓர் இடத்திலோ எளிதாக விலைபோகத் தொடங்கினால், 7704ஆம் பிரிவு அதைக் கம்பெனியாக மாற்றிவிடும். வட்டி போன்ற உழைப்பில்லா வருமானம் 90 சதவீதம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் நிதித் தொழில் நடத்திக் கிடைக்கும் வட்டி அந்த விலக்கில் சேராது என்று சட்டமே சொல்கிறது. கார்க் கடன் டிரஸ்ட்டின் வட்டி எந்தப் பக்கம் விழும் என்று பந்தயம் கட்ட எந்த வழக்கறிஞரும் துணிவதில்லை.

கம்பெனியாக மாறினால் என்ன ஆகும்? கூட்டரசின் கம்பெனி வரி 2017 வரை 35 சதவீதம் வரை இருந்தது. 2018 முதல் 21 சதவீதம். டிரஸ்ட்டின் நிகர வருமானம் ஓராண்டில் 1 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால், 21 லட்சம் டாலர் வரியாகப் போகும். முதலில் அது கடைசி இலையிலிருந்து எடுக்கப்படும். அங்கே போதாவிட்டால், சான்றிதழைக் கண்ணால்கூடப் பார்த்திராத கடன் பத்திரக்காரர்களின் பணத்திலும் கை வைக்க வேண்டி வரும். சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்பதில் கடன் பத்திரக்காரர்களுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது இதனால்தான். தடைகள் சான்றிதழ்காரரைக் கட்டிப்போடுவது போலத் தோன்றினாலும், அவற்றைக் கேட்டுப் பெற்றவர்கள் எதிர்த்தரப்பில் இருக்கிறார்கள்.

இந்த ஆபத்திலிருந்து தப்ப 1995இல் இறுதியான விதிகள் ஒரு பாதுகாப்பான வழியைக் காட்டின. சான்றிதழ்கள் பொதுமக்களுக்கு விற்கப் பதிவு செய்யப்படாதவையாக இருக்க வேண்டும். ஆண்டின் எந்த நேரத்திலும் பங்காளிகள் 100 பேரைத் தாண்டக் கூடாது. தலையை எண்ணுவதில் ஒரு தந்திரம் நடக்க வாய்ப்புண்டு. 50 பேர் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, அதன் பெயரில் சான்றிதழ் வாங்கினால், ஒரு தலைதானே? அந்த நிறுவனத்தின் சொத்து பெரும்பாலும் இந்தச் சான்றிதழ்தான் என்றால், அதுவும் எண்ணிக்கையை ஏமாற்றத்தான் என்றால், உள்ளே இருக்கும் 50 தலைகளையும் எண்ண வேண்டும் என்கிறது விதி. அதனால் பல ஒப்பந்தங்கள் இத்தகைய இடைநிறுவனங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. 100 வரை போகவிடாமல் 95இலேயே எல்லை கட்டும் ஒப்பந்தங்களும் உண்டு. சான்றிதழைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்கக் கூடாது என்று குறைந்தபட்சத் தொகை வைப்பதும் இதே கணக்கில்தான்.

வீட்டுக் கடன்களை அடக்கிய டிரஸ்ட்டில் இறுக்கம் இன்னும் அதிகம். அங்கே 1986இன் வரிச் சீர்திருத்தச் சட்டம் ரெமிக் என்ற தனி வகையை உருவாக்கியது. ரெமிக்கின் எச்ச உரிமையை அரசு அமைப்புகளோ, வரி கட்டத் தேவையில்லாத நிறுவனங்களோ வைத்திருக்கக் கூடாது. அப்படிக் கொடுத்துவிட்டால் கொடுத்தவர் மீதே வரி விழும். விந்தை என்னவென்றால், இந்த எச்ச உரிமைக்குச் சில சமயம் கையில் வரும் பணத்தைவிடக் கட்ட வேண்டிய வரி அதிகம். அதனால் விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்வதும் நடக்கிறது. வரியை ஒருபோதும் கட்ட முடியாத ஒருவர் தலையில் அதை இறக்கிவிடக் கூடாது என்பதற்காகவே, வாங்குபவரிடமிருந்து உறுதிமொழிப் பத்திரம் கேட்கப்படுகிறது.

அடுத்த தடை வெளிநாட்டவர் மீது. கூட்டாண்மைக்கு அமெரிக்காவில் தொழில் வருமானம் இருந்து, அதில் வெளிநாட்டுப் பங்காளி ஒருவர் இருந்தால், அவருடைய பங்கிலிருந்து வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு கூட்டாண்மையின் தலையில் விழும். வெளிநாட்டுக் கம்பெனியானால் 21 சதவீதம், தனிநபரானால் 37 சதவீதம். பிடிக்கத் தவறினால் டிரஸ்ட்டே கையிலிருந்து கட்ட வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, அமெரிக்க வரிச் சட்டப்படி அமெரிக்க நபராக உள்ளவர் மட்டுமே வாங்கலாம் என்று ஒப்பந்தம் விதிக்கிறது. வாங்குபவர் வரி எண்ணுடன் டபிள்யூ-9 படிவத்தைக் கொடுத்து அதை நிறுவ வேண்டும்.

ஓய்வூதிய நிதிகளும் உள்ளே வர முடியாது. தனியார் ஓய்வூதியங்களைக் காக்க 1974இல் எரிசா என்ற சட்டம் வந்தது. ஓர் அமைப்பின் உரிமைப் பங்கில் 25 சதவீதமோ அதற்கு மேலோ ஓய்வூதிய நிதிகளிடம் இருந்தால், அந்த அமைப்பின் சொத்தே ஓய்வூதியச் சொத்தாகக் கருதப்படும் என்று 1986இல் தொழிலாளர் துறை விதி வகுத்தது. இந்த 25 சதவீதத்தைக் கணக்கிடும் முறை பலரைத் தடுக்கி விழவைக்கும். சொத்தைக் கட்டுப்படுத்தும் நிறுவனமும் அதன் துணை நிறுவனங்களும் வைத்திருக்கும் பங்கைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அப்படியானால், அந்த நிறுவனம் 90 சதவீதத்தையும் ஓர் ஓய்வூதிய நிதி 10 சதவீதத்தையும் வைத்திருந்தால், விதியின் கண்ணில் ஓய்வூதிய நிதியின் பங்கு 10 அல்ல, 100. பிறகு டிரஸ்ட்டின் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றும் தடை செய்யப்பட்ட பரிவர்த்தனையா என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்படி ஒன்று நடந்திருந்தால் அபராத வரி 15 சதவீதம். திருத்தாவிட்டால் 100 சதவீதம்.

முதலீட்டாளர் பாதுகாப்புக்கான 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பதிவு செய்யாத தாளைப் பொதுமக்களிடம் விற்க முடியாது. ஆனால் 1990இல் வந்த 144ஏ விதி, பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் இவற்றை மறுவிற்பனை செய்ய அனுமதித்தது. பொதுவாக 10 கோடி டாலருக்குக் குறையாத முதலீட்டுப் பத்திரங்களை வைத்திருப்பவையே அந்தப் பெரிய நிறுவனங்கள்.

இதுவரை சொன்ன தடைகள் எல்லாம் தவறான ஆள் உள்ளே வராமல் காப்பவை. 2008இன் நெருக்கடிக்குப் பின் வந்த தடை, உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் காப்பது. கடன் கொடுத்தவர்கள் அதைக் கட்டு கட்டாகப் பிறர் தலையில் தள்ளிவிட்டுத் தாங்கள் நழுவிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில், 2010இன் டாட்-ஃபிராங்க் சட்டம் நஷ்ட ஆபத்தில் 5 சதவீதத்தைக் கட்டாயம் கையில் வைத்திருக்கச் சொன்னது. விதிகள் 2014இல் முடிவாகி, கார்க் கடன்களுக்கு 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. இந்த 5 சதவீதத்தைக் கடைசி இலையான உரிமைச் சான்றிதழாகவே வைத்திருப்பது ஒரு வழி. ஒவ்வொரு வகைத் தாளிலும் 5 சதவீதம் வைத்திருப்பது இன்னொரு வழி. முதல் வழியைத் தேர்ந்தவர், தன் பெரும்பான்மைக் கட்டுப்பாட்டில் உள்ள துணை நிறுவனத்துக்குத் தவிர வேறு எவருக்கும் அந்தச் சான்றிதழைத் தர முடியாது. அடமானம் வைக்கலாம், ஆனால் கடனுக்குத் தானே முழுப் பொறுப்பேற்க வேண்டும். டிரஸ்ட் தொடங்கி இரண்டு ஆண்டு கழிய வேண்டும், கடன்களின் நிலுவையும் வெளியிட்ட பத்திரங்களின் நிலுவையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இவற்றில் எது கடைசியாக நிறைவேறுகிறதோ அன்றுதான் இந்தக் கட்டு அவிழும். எல்லாத் தடைகளிலும் பொதுநலன் நேராகத் தெரிவது இதில்தான். மற்றவை பெரும்பாலும் வரியையும் பொறுப்பையும் தவிர்க்கும் கணக்குகள்.

தடை எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது செல்ல வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுள்ள சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பில் இதற்கு ஒரு விதி உண்டு. தடையைப் பற்றி அறியாமல் ஒருவர் தாளை வாங்கிவிட்டால், அந்தத் தடை அவரைக் கட்டுப்படுத்தாது. தாளின் மீதே கண்ணில் படும்படி அச்சிட்டிருந்தால் மட்டும் கட்டுப்படுத்தும். உரிமைச் சான்றிதழின் முகப்பில் பத்தி பத்தியாகப் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வாசகம் நிற்பதற்கு இதுவே காரணம். கடன் பத்திரங்கள் கணினிக் கணக்கில் பதிவுகளாக மட்டும் இருக்கும் இந்தக் காலத்திலும், உரிமைச் சான்றிதழ் பெரும்பாலும் காகிதமாகவே கொடுக்கப்படுகிறது. கையில் பிடிக்கக்கூடிய தாளைக் கண்காணிப்பது எளிது.

கைமாற்றம் நடக்கும் முறையும் அதற்கேற்றது. சான்றிதழ் பதிவாளரிடம் ஒரு பதிவேடு இருக்கும். அதில் பெயர் உள்ளவரே உரிமையாளர். விற்பவர் பழைய சான்றிதழை ஒப்படைக்க வேண்டும். வாங்குபவர் மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் உறுதிமொழிக் கடிதம் தர வேண்டும். கைமாற்றத்தால் டிரஸ்ட் கம்பெனியாகிவிடாது என்று வரி வழக்கறிஞரின் கருத்துரையும் பல ஒப்பந்தங்களில் தேவை. இவை வந்த பிறகே பதிவாளர் புதிய சான்றிதழ் எழுதுவார். பதிவாளர் துப்பறிய வேண்டியதில்லை; கடிதங்களை நம்பி நடந்தால் போதும். விதி மீறி நடந்த கைமாற்றம் தொடக்கம் முதலே செல்லாது என்று ஒப்பந்தம் சொல்லும். பிற்பாடு அது செல்லாமல் போவதாக எழுதினால், இடைப்பட்ட நாட்களில் டிரஸ்ட்டுக்கு 101ஆவது பங்காளி இருந்ததாகிவிடும். அந்த ஒரு நாளே வரித் துறைக்குப் போதும். எனவே சட்டத்தின் பார்வையில் வாங்கியவர் ஒருபோதும் உரிமையாளராக இருந்ததே இல்லை. பழையவரே உரிமையாளராக நீடிக்கிறார்.

சான்றிதழை வாங்குபவர் இன்னொரு கட்டுப்பாட்டையும் சேர்த்தே ஏற்கிறார். கடன் பத்திரங்கள் முழுவதும் அடைபட்டு ஓராண்டும் ஒரு நாளும் கழியும்வரை, டிரஸ்ட்டைத் திவாலாக்கக் கோரி நீதிமன்றம் போக மாட்டேன் என்பது அது. கடன்களின் நிலுவை தொடக்க அளவில் 10 சதவீதம் போன்ற ஒரு சிறு அளவுக்கு இறங்கியதும், வசூலிக்கும் நிறுவனம் எஞ்சியவற்றை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் கடன் பத்திரங்கள் அடைக்கப்படும். மிச்சம் சான்றிதழ்காரருக்குப் போகும். அவர் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க, டிரஸ்டி டெலவேர் மாநிலச் செயலரிடம் ரத்துப் பத்திரம் தாக்கல் செய்வார். அத்துடன் டிரஸ்ட்டும் முடிகிறது.