திட்டமும் திருத்தமும்

நெடுங்காலத் திட்டங்களுக்குத் தனியாட்சியே ஏற்றது என்பர் சிலர். இரு நீர்த்திட்டங்களை நோக்குவோம்.

1960 முதல் சோவியத் அரசு, பருத்தி விளைவிக்க ஆமூதாரியா, சிர்தாரியா ஆறுகளின் நீரைப் பெருமளவில் திருப்பியது. மறுத்துரைக்க மீனவர்க்கு மன்றம் இல்லை. அவ்வாறுகளால் வாழ்ந்த ஆரல் கடல் வற்றிற்று. மொய்னாக் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் கிடக்கின்றன.

நெதர்லாந்தில் 1953ஆம் ஆண்டு வெள்ளம் 1,836 உயிர்களைப் பலிகொண்டது. ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தை அணையிட்டு அடைத்துவிட அரசு முனைந்தது. மீனவரும் சிப்பி வளர்ப்போரும் எதிர்த்தனர். நாடாளுமன்றம் செவிசாய்த்தது. காலமும் பொருளும் கூடுதலாயின, ஆட்சிகளும் மாறின. எனினும் 1986இல் 62 எஃகு மதகுகளுடன் தடுப்பு எழுந்தது. நிலமும் பிழைத்தது, மீன்வளமும் பிழைத்தது.

கட்டளை விரைவைத் தரலாம். பிழையைச் சுட்டும் குரலுக்குச் செவிகொடுக்கும் திட்டமே நெடிது வாழும்.