மிஞ்சியவளின் பாட்டு: காமன் கூத்தும் இசைத் திரைப்படமும்



சாவில் முடியும் காதல் கதை பாட்டுப் படத்துக்குப் பொருந்துமா என்பதே இன்றைய பொருள். பொருந்தாது என்பவர்கள் உண்டு. நெஞ்சு வெடிக்கும் இடத்தில் பாட்டெடுத்தால் துயரம் பொய்யாகிவிடும் என்பார்கள். ஹட்டனில் நின்றுகொண்டு அதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் விடிய விடிய ஆடப்படும் காமன் கூத்து அப்படியொரு கதைதான். தொடக்கம் முதல் கடைசிவரை அது பாட்டாலேயே நடக்கிறது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். பகலில் மலையில் வேலை செய்தவர்களே இரவில் தப்பு முழங்க ரதியும் மதன் என்ற காமனுமாக வருவார்கள். ரதி வேடமும் ஆணுக்குத்தான். சிவன் தவத்தைக் கலைக்கும்படி இந்திரனிடமிருந்து தூதன் ஓலை கொண்டுவருகிறான். போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவள் பாட, அவன் பாட, தர்க்கம் நீளுகிறது. மேலிடத்துக் கட்டளைக்காகச் சாகப் போகிறவனின் கதையைத் தோட்டத்துச் சனம் வெறும் புராணமாகக் கேட்பதில்லை என்றே நான் நம்புகிறேன். பௌர்ணமியையொட்டிச் சிவனின் கோபத்தில் காமன் எரிகிறான்.

கதை அங்கே முடிந்துவிடுவதில்லை. எரித்த பிறகுதான் ரதியின் புலம்பல். கூத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. காமன் பொட்டலைச் சுற்றி நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது அந்த இடத்தில்தான். லயத்துச் சாவு வீட்டில் தாங்கள் வைத்த ஒப்பாரியை அவர்கள் ரதியின் வாயில் கேட்கிறார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலைப் படித்தவர்களுக்கு, இந்த மக்கள் தங்கள் துயரத்தைப் பாட்டில்தான் வைத்தார்கள் என்பது புரியும். துக்கம் முற்றும்போது வாயடைத்துப் போவதல்ல நம் வழக்கம், பாடுவதுதான்.

உலகப் புகழ்பெற்ற இன்னொரு பாட்டுக் கதையை இதனருகே வைத்துப் பார்ப்போம். ரோமியோ ஜூலியட் கதையைத் தழுவிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ 1957இல் நியூயோர்க்கில் மேடையேறி, 1961இல் படமாகிப் பத்து ஒஸ்கார் விருதுகள் பெற்றது. ஜூலியட் சாகிறாள், இதில் மரியா மிஞ்சுகிறாள். காதலன் டோனி உயிர் விடும்போது சில அடிகள் பாடுகிறாள். பிறகு துப்பாக்கியைப் பிடித்தபடி அவள் கொட்டுவது வெறும் பேச்சு. அந்த இடத்துக்கு இசையமைக்கப் பலமுறை முயன்று கைவிட்டார் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். அத்தனை பெரிய மேதைக்குப் பாட்டு நின்றுபோன இடத்தில் நம் கூத்து வாத்தியாருக்குப் பாட்டு பெருகுகிறது. பெர்ன்ஸ்டைனின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒப்பாரி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்ப் படங்களுக்கு அது எட்டும் தூரத்திலேயே இருந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, தியாகராஜ பாகவதர் பாடி நடித்த ‘அம்பிகாபதி’ 1937இல் வந்தது. பாட்டே ஆளைக் கொன்ற கதை அது: கம்பர் மகன் அம்பிகாபதி காதல் கலவாத நூறு பாடல் பாடவேண்டும், காதலி அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட, ஒன்று குறைகிறது, தலை போகிறது. பாட்டுப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது? ஆனால் காதலர் இருவருமே போய்விடுகிறார்கள். மிஞ்சும் கம்பர் அழுவது மகனுக்காக. 1953இன் ‘தேவதாஸ்’ படத்தில் சி.ஆர். சுப்பராமனின் சோகப் பாட்டுகள் இன்றும் நம் வானொலியில் ஒலிக்கின்றன. அவையெல்லாம் சாவுக்கு முன்னால். வாசலில் தேவதாஸ் இறந்து கிடக்க, காதலி பார்வதி ஓடிவர, கதவு சாத்தப்படுகிறது. அவளுக்கு ஒரு பாட்டு இல்லை. இருந்திருக்கவேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: சோகக் காதல் கதை பாட்டுப் படத்துக்குப் பொருந்தும், மிஞ்சியவருக்குப் பாட வாய் கொடுத்தால். இரண்டு பேரையும் கொன்றுவிட்டுத் திரையை இறக்கினால், பாட்டு வெறும் அலங்காரமாகிவிடும். ரதியின் பாட்டு அலங்காரமல்ல, வேலை செய்யும் பாட்டு. மூன்றாம் நாள் காமனை எழுப்பித் தருவதே அவள் அழுத அழுகைதான்.

தோட்ட வாழ்க்கை திரைக்குப் புதிதல்ல. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது, 1975இல் வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ தயாரித்தார். இன்று கைபேசியிலேயே படமெடுக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். காமன் கூத்தைப் பாட்டுப் படமாக எடுங்கள். நம் பொட்டலில், தப்போடு, நம் கூத்து வாத்தியார்களை வைத்து எடுங்கள். நேரம் போதவில்லை என்று எதை வெட்டினாலும் ரதியின் புலம்பலை வெட்டாதீர்கள். வாத்தியார்கள் முதுமையடைந்து வருகிறார்கள்; அடுத்த மாசி வரை காத்திருக்காமல் அவர்கள் பாட்டை இப்போதே பதிவுசெய்யுங்கள்.