ஆட்டுக்கறியில் உருளைக்கிழங்கு: வறுமையா, ருசியா?



தஞ்சோங் மாலிம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாவ். பேராக்கின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் 1926 முதல் பாவ் விற்று வரும் யிக் முன் கடையைத் தெரியாத வழிப்போக்கர் குறைவு. ஆவியில் வெந்த அந்த வெள்ளை மாவுக்குள் கோழிக் கறியும் மாட்டுக் கறியும் மசாலா மணத்தோடு இருக்கும். பாவ் சீனர் பலகாரம், உள்ளே இருப்பது கறி. இந்த நாட்டில் உணவு எப்படிக் கலந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் இன்றைய பேச்சு பாவைப் பற்றியது அல்ல. சுற்று வட்டாரத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் கொதித்த இன்னொரு சட்டியைப் பற்றியது. உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறி. கோழியானாலும் அப்படித்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதைப் பார்த்ததும், “கறியில ஏன் இத்தனை கிழங்கு?” என்று கேட்பதுண்டு. உடனே ஒரு பதில் தயாராக வரும்: “பாவம், தோட்டத்துச் சனம். கறி பத்தாது, கிழங்கைப் போட்டு நிரப்பினாங்க.”

இந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. எட்டுப் பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ கறி எத்தனை துண்டு வரும்? திருவிழாவில் வெட்டிய ஆட்டைப் பங்கு போட்டால் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அதில் எலும்பு பாதி. கிழங்கு இருந்தால் எல்லாத் தட்டிலும் ஏதோ விழும்.

இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. வெறும் வயிற்றை நிரப்பத்தான் கிழங்கு என்றால், லயத்துக்குப் பின்னால் காசில்லாமல் விளைந்த மரவள்ளிக்கிழங்கை அல்லவா போட்டிருக்க வேண்டும்? 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் உயிரைக் காப்பாற்றியதே அந்த மரவள்ளிதான். உருளைக்கிழங்கு அப்படி வாசலில் விளைகிற பொருளா? இரவில் குளிர் இருந்தால்தான் அது மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். பேராக்கின் சமவெளி வெக்கையில் அது நடக்காது. ஆகவே இந்த நாட்டுக்கு உருளைக்கிழங்கு பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு. கடையில் காசு கொடுத்தோ, கணக்கில் எழுதியோ வாங்கியாக வேண்டும். இல்லாதவன் தேடிப் போய் வாங்கிய பொருளை இல்லாமையின் அடையாளம் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

கல்கத்தாவிலும் இதே வழக்கு நடக்கிறது. 1856இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பறித்துக் கொண்டதும் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே பிரியாணியில் உருளைக்கிழங்கு ஏறியது, நவாபுக்குப் பணம் குறைந்ததால் என்று ஊரே சொல்கிறது. அவருடைய வாரிசுகள் ஒப்புக் கொள்வதில்லை. அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு புதுமையான, விலையுயர்ந்த பண்டம், ருசிக்காகச் சேர்த்தது என்பது அவர்கள் கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை. பிரியாணியில் கிழங்கு இல்லாவிட்டால் மட்டும் கல்கத்தாக்காரர் இரு தரப்பும் சண்டைக்கு வருவார்கள்!

கிழங்கின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். பிறகு அது உழைப்பாளியின் சட்டியாகத்தான் ஊர் ஊராகப் போனது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் அடுக்கி, மேலே கிழங்கு வில்லைகளைப் பரப்பி, மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேக விடுவார்கள். பஞ்சாலை வேலை முடிந்து வரும்போது சாப்பாடு தயார். லிவர்பூலில் மாலுமிகள் தின்ற இறைச்சிக் கிழங்குக் குழம்புக்கு ‘ஸ்கௌஸ்’ என்று பெயர். அந்த ஊர்க்காரர்களையே இன்று ‘ஸ்கௌசர்’ என்கிறார்கள். அயர்லாந்தில் கிழங்கை மட்டுமே நம்பிய ஏழைகள், 1845இல் செடிக்கு நோய் வந்தபோது தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஜப்பானில் இதே சேர்க்கை சோயா சாஸில் வெந்து ‘நிகுஜாகா’ ஆனது. அது பிறந்தது எங்கள் ஊரில்தான் என்று மைசுரு, குரே என்ற இரண்டு கடற்படை நகரங்கள் போட்டி போடுகின்றன.

பெருவின் கதை மலேசியர்களுக்கு இன்னும் நெருக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன சீனர்களின் கைவண்ணத்தால் மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளி, சோயா சாஸோடு புரட்டி, பொரித்த உருளைக்கிழங்கும் சோறுமாகச் சாப்பிடும் ‘லோமோ சல்தாதோ’ உருவானது. இங்கேயும் வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களில் சமையல்காரர்களாக இருந்த ஹைனான் சீனர்கள் செய்ததுதான் சிக்கன் சாப். பொரித்த கோழி, கருஞ்சிவப்புக் குழம்பு, பச்சைப் பட்டாணி, பக்கத்தில் கிழங்கு. மலாய்க்காரர் சோத்தோவோடு சாப்பிடும் பெகெடில், டச்சுக்காரனின் ‘ஃப்ரிகடெல்’ இந்தோனேசியா வழியாக வந்து சேர்ந்தது. டச்சுக்காரன் இறைச்சியை உருட்டினான், இங்கே கிழங்கை மசித்து இறைச்சியை அதில் கலந்து கொண்டார்கள். கறிப்பாப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும் நடுவில் தோட்டத்துத் தாய்மார்களின் கைப்பக்குவத்தை மட்டும் ‘வறுமைச் சமையல்’ என்று ஒதுக்குவது நியாயமா? அதில் கணக்கு இருக்கிறது. முற்றிய ஆட்டுக்கறி வேக நேரம் பிடிக்கும், கிழங்குக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆகவே கறி முக்கால் வேக்காடு கண்ட பிறகே கிழங்கு இறங்கும், அதுவும் பெரிய துண்டுகளாக. தக்காளிப் புளிப்பு ஏறிய குழம்பில் கிழங்கு சீக்கிரம் குழையாது. ஓரங்கள் மட்டும் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பு மணத்தையும் கறியின் கொழுப்பையும் உள்ளே இழுத்துக் கொண்ட அந்தக் கிழங்குக்காகத்தான் பிள்ளைகள் சட்டியைச் சுரண்டின. மறுநாள் காலைப் பசியாறலுக்கு ரொட்டியோடு தொட்டுக் கொள்ளும்போது கறி இருக்காது, கிழங்கு இருக்கும். ருசி என்னவோ முதல் நாளைவிடக் கூடுதல்.

கொடி ஏற்ற வேண்டிய இடம் இது என்றால், கொடியை இறக்க வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. அதாவது மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். விடியுமுன் பெரட்டுக் களத்துக்குப் போய், நிரை நிரையாக மரம் வெட்டி, பால் வாளியைச் சுமந்த உடம்பு சோற்றையும் கிழங்கையும் சேர்த்தே எரித்தது. அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பேரப்பிள்ளை இன்று நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கிறார், சட்டி மட்டும் பழைய அளவிலேயே கொதிக்கிறது.

இங்கேதான் பல வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்த்து, “காய் சாப்பிட்டாச்சு” என்கிறார்கள். அது காய் அல்ல, சோற்றுக்கு உடன்பிறப்பு. நூறு கிராம் சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம், அவித்த கிழங்கில் 20 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மலைபோல் சோறு, அதன்மேல் நாலு துண்டு கிழங்கு, கீரை என்று பெயருக்கு ஒரு கரண்டி. மருத்துவமனை வரிசை நீளாமல் என்ன செய்யும்?

அதற்காகக் கறியிலிருந்து கிழங்கை விரட்ட வேண்டியதில்லை. தட்டில் இரண்டு துண்டு கிழங்கு விழுந்தால் சோற்றில் ஓர் அகப்பை குறையட்டும். மிச்ச இடத்தில் பயற்றங்காயோ வெண்டைக்காயோ கங்கோங் கீரையோ உட்காரட்டும். தீபாவளிக்கு வைக்கும் ஆட்டுக்கறியில் பாட்டி போட்ட அளவே கிழங்கு போகட்டும். போடும் போது எப்போது போடுவது, எந்தப் பருமனில் நறுக்குவது என்று அந்தப் பாட்டியிடமே கேட்டுப் பேத்தி ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொண்டால், அடுத்த முறை ஊரிலிருந்து வரும் உறவினர் கேட்கும் கேள்விக்கு வேறு பதில் கிடைக்கும்.